வீங்கினால் மட்டும் வரவும்

கழிப்பறைக்குப் போன நாச்சிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவன் முகம் வெளிறியிருந்தது. "அக்கா, ஒண்ணுக்குச் செவப்பாப் போவுது" என்றான். வசந்தாமணி அவனைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள். அவர்களுடைய அண்ணன் ஏழு வயதில், பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் செத்துப்போனவன். தம்பிக்கும் அதே ரத்தம், லேசில் உறையாத ரத்தம். இருபது வயதுக்குள் அவனுடைய இடது முட்டி எத்தனை முறை உள்ளுக்குள்ளேயே கசிந்து வீங்கியது என்று அவளுக்கே நினைவில்லை. நர்ஸைத் தேடி ஓடப்போனவளைப் பக்கத்துக் கட்டிலருகே சோறு பிசைந்துகொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"ரத்தமில்ல. அது ஊசி மருந்தோட கலரு. எங்க மணியனுக்கும் போன வாரம் இப்படித்தான் ஆச்சு. நானும் உங்கள மாதிரிதான் ஓடுனேன்."

அவன் பெயர் பச்சமுத்து. ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லில் மாவு காயவைக்கும் களத்தில் வேலை. கட்டிலில் கிடந்த மணியன் அவன் தம்பி. அவனுக்கும் அதே நோய், அதே முட்டி.

அது எண்பத்தெட்டாம் வருஷத்து ஆடி மாதம். மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் இந்தப் புது வைத்தியம் பார்க்கிறார்கள் என்று நாமக்கல் டாக்டர் சொல்லி, எருமப்பட்டிக்குப் பக்கத்திலிருந்து அக்காளும் தம்பியும் வந்திருந்தார்கள். அடிக்கடி ரத்தம் கசிந்து முட்டிக்குள் இருக்கும் சவ்வு தடித்துப்போகிறது, தடித்த சவ்வு மறுபடியும் கசிகிறது, மருந்தை உள்ளே செலுத்தி அதைச் சுருக்கிவிட்டால் வீக்கம் அடங்கும் என்று அங்கிருந்த டாக்டர் விளக்கினார். காசநோய்க்குக் கொடுக்கிற செக்கச்செவேலென்ற மருந்துதான். வாரத்துக்கு ஓர் ஊசி. ஊசிக்கு முன்னால் ரத்தம் உறைவதற்காக, மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சத்தைப் பை பையாக ஏற்றுவார்கள். ஊசி இறங்கும்போது நாச்சிமுத்து தலையணையைக் கடித்துக்கொள்வான். வசந்தாமணி அவன் நெற்றியை அழுத்திப் பிடித்திருப்பாள்.

கூட வந்தவர்கள் சமைப்பதற்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கேதான் இருவரும் பேசிப் பழகினார்கள். அவள் "ஊட்டுல", "வாரேனுங்க" என்று சொல்லும்போதெல்லாம் அவன் உதட்டுக்குள் சிரித்துக்கொள்வான். அவனுடைய ஸ்டவ் மக்கர் செய்த நாளில் அவள் நான்கு பேருக்கும் சேர்த்து உலை வைத்தாள். மறுநாள் ஸ்டவ் சரியான பிறகும் அப்படியே தொடர்ந்தது. அவளுக்கு இருபத்தெட்டு வயது. அவர்கள் வீட்டு ரத்தம் சரியில்லை என்று ஊரில் பேச்சு இருந்ததால் பெண் கேட்டு வந்தவர்கள் தண்ணீர் குடித்த கையோடு எழுந்து போயிருந்தார்கள். இங்கே ஒருவனிடம் அந்த ரத்தத்தைப் பற்றி எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. முட்டி வீங்கும் இரவுகளைப் பற்றி, ஐஸ் கட்டிக்காக அலைவதைப் பற்றி, பள்ளிக்கூடம் பாதியில் நின்றதைப் பற்றி அவள் ஆரம்பித்தால் அவன் முடித்தான். தம்பியை விட்டுவிட்டு எங்கேயும் நகர முடியாமல் அவனும் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தான்.

நோய் அம்மா வழியாக வருவது, அக்கா தங்கைகளும் அதைச் சுமந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அவளுக்கு அரிசி களையக் கை வரவில்லை. அவன் கேட்காமலே சொன்னாள்.

"எனக்கும் இருக்கலாமாங்க. பையன் பொறந்தா இப்படிப் பொறக்கலாம், பொறக்காமயும் போகலாம்னு சொல்றாருங்க."

பச்சமுத்து ஸ்டவ்வுக்குக் காற்றடித்தான். பிறகு அடுப்பைப் பார்த்தபடியே, "மணியன் பொறக்காம இருந்திருக்கலாம்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல" என்றான்.

அவள் தலை நிமிராமலே அரிசியைக் களையத் தொடங்கினாள். அரிசி களைந்த தண்ணீர் கொட்டகை வாசல்வரை ஓடிக்கொண்டிருந்தது.

மணியனுக்கு ஊசி முதலில் முடிந்தது. கிளம்பும் நாளில் பச்சமுத்து ஸ்டவ்வைச் சாக்கில் கட்டிக்கொண்டு அவளிடம் வந்து நின்றான். "அடுத்த தடவ வரும்போது..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். அடுத்த தடவை என்றால் யாராவது ஒருவனுக்கு முட்டி வீங்க வேண்டும். அவளுக்கும் அது புரிந்தது. "நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து நாச்சிமுத்துவையும் அனுப்பினார்கள். இனி வரவேண்டியதில்லை, வீங்கினால் மட்டும் வரவும் என்றார் டாக்டர்.

வீங்கவில்லை. கால் முழுசாக நீளவில்லைதான். ஆனாலும் புரட்டாசி போய், ஐப்பசி போய், நாச்சிமுத்து எருமப்பட்டியில் ரேடியோ ரிப்பேர் கடைக்கு நடந்தே போய்வந்தான். அம்மா பாவாயி கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். வசந்தாமணியும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் உலை கொதிக்கும் சத்தம் கேட்டால் அந்தத் தகரக் கொட்டகைக்குள் போய்விடுவாள். ஆத்தூர் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. ராசிபுரம் வழியாகப் போனால் அரை நாள் பயணம். ஆனால் கல்யாணமாகாத பெண் என்ன சொல்லிக்கொண்டு அங்கே போய் இறங்குவது?

தம்பி தூங்கும்போதே முட்டியைத் தொட்டுப் பார்ப்பது அவளுடைய சின்ன வயதுப் பழக்கம். கசிவு தொடங்கினால் வீக்கத்துக்கு முன்னாலேயே சூடு தெரியும். கார்த்திகையில் ஒரு விடியற்காலை தொட்டாள். ஜில்லென்றிருந்தது. அப்போது தன் மனதில் எழுந்தது ஏமாற்றம் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. நெருப்பைத் தொட்டதுபோலக் கையை எடுத்தாள். அன்றைக்கு அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதன்பிறகு தம்பியின் முட்டிப் பக்கமே போகவில்லை.

அவள் தொடாததை நாச்சிமுத்து கவனித்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அவன் சிலதைக் கவனித்திருந்தான்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் அவன் விந்தி விந்தி வாசலுக்கு வந்து, முட்டி வலிக்கிறது, மெட்ராஸ் போக வேண்டும் என்றான். பாவாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். வசந்தாமணி ஓடிவந்து குனிந்து, வெகுநாளைக்குப் பிறகு அந்த முட்டியில் கையை வைத்தாள். சூடே இல்லை. தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா பை எடுக்க உள்ளே போகும்வரை அவன் காத்திருந்தான்.

"மணியனோட வலது முட்டிக்குத் தையில ஊசி போட லெட்டர் போட்டுக் கூப்பிடணும்னு, அவங்க போனப்புறம் டாக்டர் நர்ஸுகிட்டச் சொன்னாரு, அக்கா. வந்திருப்பாங்களோ என்னமோ, தெரியல. போய்ப் பாக்கலாம்."

 அம்மாவிடம் பொய் சொல்கிறோம் என்ற கூச்சம் ஒரு பக்கம் அறுத்தது. உள்ளே போய் இருக்கிறதிலேயே நல்ல சேலையை எடுத்தாள். அதை மறுபடியும் மடித்து வைத்துவிட்டு, தினமும் கட்டுகிற ஒன்றை உடுத்திக்கொண்டாள்.

பாவாயி பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் திரும்பி அவள் மறையும்வரை நாச்சிமுத்து காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். சேலம் ஜங்ஷனில் மெட்ராஸ் ரயில் அடுத்த பிளாட்பாரத்துக்கு வரும் என்றார்கள். போன முறை இந்த மேம்பாலத்தில் ஒவ்வொரு படிக்கும் அவனைத் தாங்கி ஏற்றியிருந்தாள். இப்போது அவன் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் போனான். நொண்ட வேண்டும் என்பதையே மறந்துவிட்டிருந்தான். கைப்பிடியைக்கூடத் தொடாமல், கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு காலை லேசாக இழுத்தபடி மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தான். பாலத்தின் உச்சிக்குப் போய் வெயிலில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் ரயில் கூவியது. வசந்தாமணி சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தாள்.