தையல் கூடத்துக் கேமராவுக்கு ஒரு பூட்டு

சந்தனமாரி அன்றைக்கு மெஷினில் உட்காரவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பௌசியாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நேத்து மத்தியானம் நான் மெஷின்ல தலைய சாச்சுப் படுத்திருந்தேன்லா, அத யார்ட்டயும் சொன்னீங்களா?"

"நான் எதுக்குட்டி சொல்லப் போறேன்?"

"கேமராக்கட சங்கரபாண்டியன் அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டுல வச்சுக் கேக்காரு. உடம்பு முடியலையாம்மா, துப்பட்டாவக்கூட எடுத்து மடியில வச்சிட்டுப் படுத்திருந்தியேங்காரு."

பௌசியா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். கோவில்பட்டியில் அவள் வீட்டு மாடிக் கூடத்தில் ஆறு பெண்கள் நைட்டி தைக்கிறார்கள். போன வருடம் இரண்டு துணிக்கட்டு காணாமல் போனதும், கூடத்தில் ஒன்று, படியில் ஒன்று, வாசலில் ஒன்று என்று மூன்று கேமரா மாட்ட ஆள் கூப்பிட்டாள். வந்தவர்தான் சங்கரபாண்டியன்.

அப்படியே கிளம்பி அவர் கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக் கேமரா உங்க போன்ல ஓடுதா?"

அவர் மறுக்கவில்லை. "ஓடத்தான் செய்யும். மாட்டுன அன்னைக்கே ஆப்ல என் நம்பரத்தான போட்டேன். ரிப்பேர்னா நான்தான பாக்கணும்?"

"பொம்பளப் பிள்ளைக உக்காந்து தைக்கிற எடத்த, ரிப்பேர் இல்லாதப்பவும் பாப்பீங்களோ?"

"ஒங்க வீட்ட மட்டுமா பாக்கேன்? இதுவரைக்கும் ஒருத்தரும் இப்படி வந்து நின்னதில்ல."

வெட்கப்படுவார், மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்துப் போனவளுக்கு, அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. படங்களைப் பதிவு செய்யும் கேமராப் பெட்டியின் பாஸ்வேர்டை எழுதித் தராமல் நகர மாட்டேன் என்று நின்று வாங்கி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்றி, ஆப் வழியாக வெளியே போகும் பாதையை அடைத்தாள். சாயங்காலமே அவர் போனில் வந்தார்.

"ஏதோ மாத்திட்டீங்க போலுக்கே. இங்கன படம் வரல. வாரண்டி போயிரும் பாத்துக்கிடுங்க."

பௌசியா போனை வைத்துவிட்டாள்.

ஆனால் அவளாலும் இப்போது வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. சரக்குப் போட வாரத்தில் இரண்டு நாள் கயத்தாறுக்குப் போகிறவள். கணவர் ரபீக் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். கல்யாணத்துக்கு முன் படித்த பி.சி.ஏ. வீணாகப் போகவில்லை என்று காட்ட ஒரு வேலை வந்ததாக நினைத்துக்கொண்டாள். வீட்டு ரவுட்டரிலேயே ஒரு விபிஎன் சர்வர், அதாவது பூட்டிய தனிப் பாதை, வைத்தால், அதன் சாவியான ரகசியக் குறியீடு இருக்கிற போன் மட்டும்தான் வெளியிலிருந்து வீட்டு நெட்டுக்குள் நுழையும். நடுவில் எந்தக் கம்பெனியும் எந்தக் கடைக்காரரும் இல்லை. நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டரில் அந்த வசதி கிடையாது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டி, சாவி உண்டாக்கி, தன் போனில் ஏற்றினாள்.

வைஃபையை அணைத்துவிட்டு மொட்டை மாடியில் வெயிலில் நின்று பார்த்தாள். இணையவில்லை. சாவியை அழித்து மறுபடி போட்டாள். உள்ளே நுழையும் வாசலான போர்ட் எண்ணைச் சரிபார்த்தாள். ரவுட்டரின் பதிவில், போன் வந்து கதவைத் தட்டிய அடையாளமே இல்லை. நான்கு நாள் தேடிய பிறகுதான் புரிந்தது. ரவுட்டர் தனக்கு வந்ததாகக் காட்டிய இணைய முகவரி ஒன்று, வெளி உலகம் பார்த்த முகவரி வேறொன்று. நெட் கம்பெனி ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருந்தது. அந்த முகவரிக்கு வந்து யார் தட்டினாலும் எந்த வீடு என்று தெரியாது.

நெட் கம்பெனி ஆபீசில் மேனேஜர் பெருமாள்சாமி, அவள் சொன்னதைப் பாதியில் நிறுத்தினார்.

"சார பேசச் சொல்லுங்க மேடம்."

"எந்த சார?"

"உங்க வீட்டுக்காரர. இதெல்லாம் கொஞ்சம் டெக்னிக்கல்."

"கனெக்சன் என் பேருல. ரவுட்டர் நான் மாட்டுனது. ஒங்க முகவரி பங்கு முகவரின்னு கண்டுபிடிச்சதும் நான். அவிய வந்தா எங்கிட்ட கேட்டுத்தான் ஒங்கட்ட சொல்லணும்."

"தனி முகவரி கம்பெனிகளுக்குத்தான். வீட்ல நைட்டி தைக்கிறதுக்கு எதுக்கு?"

பௌசியா பையிலிருந்து விண்ணப்பத்தின் நகலை எடுத்து மேசையில் வைத்தாள். தொழில் இணைப்பு என்று அவர்கள் ஆளே டிக் அடித்திருந்தார். தனி முகவரி உண்டு என்று கீழே அச்சாகியிருந்தது. இரண்டு வருடமாகத் தொழில் இணைப்பு என்று சொல்லி, வீட்டு இணைப்பைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"அது சும்மா அச்சடிச்சிருக்கும் மேடம்."

"அப்ப சும்மா அச்சடிச்சதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாங்கிட்டுப் போறேன்."

அவர் எழுதவில்லை. பௌசியாவும் எழுந்திருக்கவில்லை. பில் கட்ட வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த விண்ணப்பத்தை எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும், அவர் யாருக்கோ போன் பண்ணினார். மறுநாள் தனி முகவரி வந்துவிட்டது.

விபிஎன் உடனே இணைந்தது. ஆனால் கேமரா மட்டும் தெரியவில்லை. அதற்கும் ஒரு நாள் போனது. கேமராப் பெட்டிக்குள் சங்கரபாண்டியன் பழைய ரவுட்டரின் எண்ணையே எழுதி வைத்திருந்தார். வெளியிலிருந்து வந்த கேள்விக்கு, இப்போது இல்லாத ரவுட்டரிடம் பெட்டி பதிலைக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தது. எண்ணை மாற்றினாள்.

அடுத்த நாள் கயத்தாறு பஸ் நிறுத்தத்தில் நின்று போனைத் திறந்தாள். வாசல், படி, கூடம் மூன்றும் வந்தன. கூடத்தில் ஆறு பேரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகச் சந்தனமாரியைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினாள்.

"இனி அந்த ஆளால பாக்க முடியாது. எவனாலயும் முடியாது. இந்த போன்ல மட்டும்தான்."

சந்தனமாரி போனைப் பார்த்தாள். "அப்ப இனிமே எங்கள நீங்க மட்டும் பாப்பீங்க."

பௌசியாவுக்குச் சுருக்கென்று வந்தது. "என்னட்டி பேசுத? பத்து நாளா இதுக்குப் பின்னால அலஞ்சது யாருக்காக?"

"எங்களுக்காகன்னா எங்கட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாக்கா. மாட்டும்போதும் கேக்கல. துணி காணும்னதும் மாட்டுனீங்க. அன்னையிலருந்து எங்க ஆறு பேரையும் நீங்க திருடிகன்னு நெனைக்கீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் உக்காந்து தைக்கோம்."

மற்ற மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பௌசியா கோபத்தோடு கீழே இறங்கிப் போனாள். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், சாப்பிட முடியவில்லை. கடையில் சங்கரபாண்டியன் பேசியபோது வந்த அதே கோபம்தான் இதுவும் என்று முதலில் நினைத்தாள். இல்லை. அவர் மேல் வந்த கோபத்தில் அவளுக்குச் சொல்லப் பதில் இருந்தது. இப்போது இல்லை.

ஸ்டூலையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். கூடத்துக் கேமராவைக் கழற்றி, வயரைச் சுருட்டி ஜன்னலில் வைத்தாள். சந்தனமாரி எழுந்து வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டூலிலிருந்து இறங்கி நின்று பௌசியா கேட்டாள். "படியிலயும் வாசல்லயும் இருக்கத என்ன செய்ய? எல்லாரும் சொல்லுங்க."

 ஓரத்து மெஷினிலிருந்து சுந்தரேஸ்வரி சொன்னாள். "வாசல்ல இருக்கட்டும்க்கா, செருப்பக்கூட தூக்கிட்டுப் போறானுவ. படியில வேண்டாம். அங்கனதான் எங்க வீட்டுக்காரர்ட்ட போன் பேசுவேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். பௌசியா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு படிக்குப் போனாள்.