நெவர் மைண்ட் மாப்பிள்ளை

பண்டக அறைக் கதவுக்குப் பின்னால் திருடி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். கொல்லையில் என் மாப்பிள்ளை அகமது கபீர் கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டபடி சீட்டியடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம், அடுப்பில், விருந்துக்கான நெய்ச்சோறு தம்மில், வெறும் தணல் சூட்டில் கிடந்தது. எங்கள் கீழக்கரை வீட்டில் மாமியார் மாப்பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. குரல்கூட அவர் காதில் விழக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே கூரைக்குள் இருக்கிறோம், நான் அவரைப் பார்த்ததெல்லாம் கதவிடுக்கு வழியாகத்தான். அவரோ என் முந்தானையைக்கூடக் கண்டதில்லை. அன்றைக்கென்று பார்த்து அவருக்கு ராட்டினத்தின் ஞாபகம் வந்ததே, அந்தக் கொடுமையை யாரிடம் சொல்ல!

விருந்துக்கு வந்திருந்தது அவருடைய உம்மா சுலைகா. எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண்வீட்டோடு இருப்பதுதான் வழக்கம். சுலைகாவுடைய ஊரான பாம்பனில் அப்படியில்லை. ஒற்றைப் பிள்ளையைத் தாரைவார்த்துவிட்டதாகக் கல்யாணத்தன்றே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டவர், இப்போதுதான் முதல்முறையாக வந்திருக்கிறார். மகனைக் கவனிப்பதில் ஒரு குறை கண்டாலும் மகனையும் மருமகளையும் கையோடு கூட்டிப்போய்விடுவேன் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். எனக்கும் மகளென்று மஜீதா ஒருத்திதான். அவளும் போய்விட்டால் இந்தப் பெரிய வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

மாப்பிள்ளை கொழும்பு ஜவுளிக்கடையில் இருந்தவர். அங்கே துரைமாரிடம் கற்றுக்கொண்டு வந்த ஒரே இங்கிலீஷ் ‘நெவர் மைண்ட்’. பரவாயில்லை என்று அர்த்தமாம், மஜீதா சொன்னாள். பரவாயில்லைக்கு இத்தனை வேலையா உண்டு! மீன் ஆணத்தில் உப்புக் கூடிவிட்டால் நெவர் மைண்ட், அது ஆறுதல். இன்னொரு துண்டு மீன் வைக்கவா என்றால் நெவர் மைண்ட், அது வேண்டாம். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று மஜீதா கேட்டால் நெவர் மைண்ட், அது உனக்கெதுக்கு. வெள்ளைச் சட்டையில் காக்கை எச்சமிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நெவர் மைண்ட், அது சுத்தமான வசவு. பக்கத்து வீட்டு மௌத்துக்குத் துக்கம் கேட்கப் போனபோது அழுதுகொண்டிருந்த கிழவரின் தோளைத் தொட்டு அதையே மெதுவாகச் சொன்னார். ஒன்றும் விளங்காமலேயே கிழவரும் தலையாட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் எரிச்சல். எதற்கும் சூடு சொரணை இல்லாத மனுஷன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ராட்டினம் முடிந்ததும் அடுப்பைப் பார்த்தார். "அடடா, அணையப் பாக்குதே" என்று பெரிய உபகாரியாக இரண்டு விறகை உள்ளே தள்ளினார்.

தம்மில் கிடக்கிற சோற்றுக்கு விறகா? அல்லாவே! கத்தவும் முடியாது, ஓடவும் முடியாது. பக்கத்திலிருந்த செம்பைக் கரண்டியால் தட்டினேன். அவர் திரும்பிப் பார்த்து, "சூ! பூனையா? நெவர் மைண்ட்" என்றார். மறுபடி தட்டினேன். மறுபடி "சூ". பிறகு குந்திக்கொண்டு பீடி பற்றவைத்தார். நெய் கருகும் வாசனை என் மூக்கு வரைக்கும் வந்தது. அவர் எழுந்து போனதும் ஓடினேன். பாதிச் சோறு கரியாகிவிட்டிருந்தது.

மேலாக அள்ளி வைத்தோம். புகை வாசனையை என்ன செய்ய முடியும்? உள்கூடத்தில் உம்மாவும் மகனும் பாயில் உட்கார்ந்தார்கள். மஜீதா பரிமாறினாள். நான் திரைக்குப் பின்னால் தண்ணீர்ச் செம்போடு நின்றேன்.

சுலைகா ஒரு கவளம் வாயில் வைத்ததுமே கையை உதறினார். "எம்புள்ளைக்கு இப்படித்தான் தெனமும் கருக்கிக் கொட்டுறாகளா? நல்லா வாச்சாக சம்பந்தி! மஜீதா, துணிமணிய எடுத்து வையி. சாயங்கால பஸ்ஸுக்குப் போவோம்."

மஜீதா அகப்பையோடு அப்படியே நின்றாள். இப்போது மாப்பிள்ளை சொல்லப்போகிறார், அந்தப் பாழாய்ப்போன நெவர் மைண்டை, என்று பல்லைக் கடித்தேன்.

"உம்மா, மாமியப் பேசாதிய."

கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"வெறகத் தள்ளுனது நாந்தான். கதவுக்குப் பின்னாடி செம்பு சத்தம் கேட்டுச்சு. பூனைன்னு நெனச்சேன். இப்பத்தான் வெளங்குது, மாமியில்ல நின்னிருக்காக! நான் அங்கன கெடந்ததால வெளிய வரமாட்டாம, சோறு கருகுறத நின்னு பாத்திருக்காக. எனக்கு மரியாத செய்யப்போயி அவுக பேச்சு வாங்கணுமா? யாரு என்ன சொன்னாலும் கேட்டுக்குவேன். இதக் கேக்க மாட்டேன்."

என் மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்காக! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதேன்.

சுலைகா மகன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "செம்பைத் தட்டுனாகளா?" என்றார்.

"ஆமா."

"நீ ‘சூ’ன்னியாக்கும்?"

"...ரெண்டு தடவ."

சுலைகாவின் தோள் குலுங்கியது. "ஏலே, மாமியாரைப் போயி... சூன்னு..." என்று தொடங்கியவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, கண் பிதுங்க இருமினார். மஜீதாவும் சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தியாவது தண்ணீர் கொடுக்க வேண்டுமே! திரையைத் தள்ளிக்கொண்டு ஓடி, சம்பந்தியின் உச்சந்தலையில் தட்டி, செம்பை வாயில் வைத்தேன். வைத்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது.

மாப்பிள்ளை பதறிப்போய் உட்கார்ந்த வாக்கிலேயே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தண்ணீரைக் குடித்து மூச்சு வாங்கிய சுலைகா என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "அடிச்சோத்தக் கொண்டாரச் சொல்லுங்க சம்பந்தி. நெய்யெல்லாம் அங்கனதான் எறங்கிக் கெடக்கும்."

"துணிமணி?" என்றாள் மஜீதா.

"மொதல்ல சோத்தப் போடுடி."

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மஜீதா சோற்றுச் சட்டியைத் தூக்கிவந்து வைத்தாள். நான் அகப்பையை வாங்கி அடியில் பிடித்திருந்த காந்தலைச் சுரண்டினேன். காது இரண்டும் சிவந்திருக்க, முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டே மாப்பிள்ளை தன் தட்டை மட்டும் மெதுவாகப் பின்பக்கமாக என்னை நோக்கி நீட்டினார்.