ஐஸ் கரைவதற்குள்

சுந்தரம்மா சாக்குக்குள் வைத்து ஐஸை உடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே அப்பாவின் இருமல் நின்றது. மாத்தளை டவுனிலிருந்து மரத்தூளில் பொதிந்து பஸ்ஸில் வந்த ஐஸ். வழியிலேயே பாதி கரைந்துவிட்டது. மிச்சத்தைச் சிதறவிடாமல் உடைப்பதில் இருந்தவளுக்கு, இருமல் நின்றது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

போய்ப் பார்த்தாள். செல்லச்சாமி தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கிடந்தார். கண்ணும் வாயும் திறந்திருந்தன. கையைத் தொட்டாள். சூடு இருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். ஒன்றுமில்லை.

முன்னறையில் அவள் புருஷன் மாணிக்கவாசகம் போத்தல்களை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரக் கம்பெனி தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுப் போனபிறகு மேனேஜராக வந்த புதுத் துரை, ஆபீசில் தன் ஆட்களையே வைப்பார் என்று பேச்சாக இருந்தது. பெரிய கிளாக்கர் வேலை காலி. அது வெளியாளுக்குப் போனால், சின்னக் கிளாக்கரான மாணிக்கவாசகத்தின் வேலையும் போகும், இந்தக் குவாட்டர்ஸும் போகும். துரையை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கவனி என்று பலரும் சொன்னார்கள். அவன் குடிப்பவனில்லை. எதற்குச் சோடா, எதற்குத் தேசிக்காய் என்றுகூடத் தெரியாது. டவுன் கடையில் கேட்டுக் கேட்டுச் சாராயமும் ஜின்னும் பியரும், துரையின் மனைவி நோனாவுக்கு ஜிஞ்சர் பியரும் வாங்கினான். வெளிநாட்டுச் சாமான் வராத காலம். யார் யாரையோ பிடித்துத்தான் அரைப் போத்தல் விஸ்கி கிடைத்தது. கிளாஸ்கள் இரவல்.

"என்னங்க, அப்பா போயிட்டாருங்க."

அவன் கையிலிருந்த போத்தலை மெதுவாக வைத்தான். உள்ளே போய்ப் பார்த்தான். திரும்பி வாசலைப் பார்த்தான். கீழே மலை வளைவில் ஜீப் ஏறும் சத்தம் கேட்டது.

அவள் வாய் திறந்து அழப்போனாள். அவன் அவள் தோளைப் பிடித்தான்.

"சுந்தரம், இப்ப அழுவாத. அழுதா அவரு வாசலோட திரும்பிருவாரு. அப்புறம் இந்தப் படி ஏறவே மாட்டாரு."

"எங்கப்பாங்க."

"எனக்கு மட்டும் யாரு? புள்ளைகள கூட்டிக்கிட்டு எந்தக் கூலி லயத்துல போயி நிக்கிறது, சொல்லு? அவங்க போகட்டும். நானும் சேர்ந்து அழுவுறேன்."

அவள் உள்ளே போய் அப்பாவின் கண்ணிமைகளை மூடினாள். போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டாள். பழைய வேட்டியின் கரையைக் கிழித்துத் தாடையைக் கட்டப் போனபோது அவன் தடுத்தான்.

"கட்டாத. பாத்ரூமுக்குப் போற வழி இது. திரைய வெலக்குனா தெரிஞ்சிரும். தூங்குற மாதிரியே இருக்கட்டும்."

ஜீப் வந்து நின்றது. சுந்தரம்மா துணிக்கிழிசலை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

துரை நோனாவோடு சிரித்த முகமாக வந்தார். விஸ்கியைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு? எனக்குச் சாராயம் போதும்," என்றார். மாணிக்கவாசகம் ஊற்றினான். மேசையெல்லாம் சிந்தியது. துரை அதற்கும் சிரித்தார். சுந்தரம்மா ஈரல் பொரித்துக் கொண்டுவந்தாள், கடலை கொண்டுவந்தாள், ஐஸ் கொண்டுவந்தாள். நோனா அவள் முகத்தையே பார்த்தாள்.

"கண்ணு செவப்பு?"

"மொளகாப் பொகைங்க, நோனா."

பேச்சு வளர்ந்துகொண்டே போனது. துரை தன் பழைய தோட்டத்துக் கதைகளைச் சொன்னார். மாணிக்கவாசகம் சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தான். நோனா எழுந்து பாத்ரூமுக்கென்று உள்ளே போனாள். சுந்தரம்மா விளக்கோடு பின்னால் ஓடினாள். திரும்பும்போது நோனா திரையருகே நின்றாள்.

"சீக்கு அப்பா இங்கயா?"

தடுப்பதற்குள் திரையை விலக்கிவிட்டாள். விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் அப்பா திறந்த வாயோடு கிடந்தார். நோனா பார்த்துக்கொண்டே நின்றாள். சுந்தரம்மா விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தூங்குறாருங்க," என்றாள்.

"ம். எழுப்ப வேணாம்," என்று நோனா திரையை இழுத்துவிட்டாள். முன்னறைக்கு வந்ததும் தலைவலிக்கிறது, போகலாம் என்றாள். துரை இன்னொரு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். படியிறங்கும்போது மாணிக்கவாசகத்தின் முதுகில் தட்டி, "திங்கட்கிழமை ஆபீஸ் சாவிய நீ எடுத்துக்க," என்றார்.

ஜீப் வளைவில் மறைந்ததும் அவன் படியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். சுந்தரம்மா உள்ளே போனாள். தாடைக்குக் கீழே துணியைக் கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டு இறுக்கினாள். வாய் மூடவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். பிறகு மெதுவாகத் தடவிப் பார்த்தாள். அசையவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

காலையில் லயத்துப் பெண்கள் குளிப்பாட்ட வந்தார்கள். தோட்டத்துச் சாவுகளில் முன்நிற்கும் ராசம்மா தாடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்ப போனாரு?"

"நேத்து ராவு, விருந்தாளுங்க போனதுக்கப்புறம்," என்றான் மாணிக்கவாசகம்.

"பக்கத்துல யாருமே இல்லியா? சூடு இருக்கயிலயே கட்டியிருக்கணும். இனி மூடாது."

ராசம்மா சுந்தரம்மாவை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் மொண்டாள்.

தூக்கும் நேரத்துக்கு நோனா மட்டும் நடந்தே வந்தாள். கையில் வெள்ளைப் பூ. யாரோ, "ராவுதான் போனாராம்," என்று அவளிடம் சொன்னார்கள். நோனா சுந்தரம்மாவைப் பார்த்தாள். சுந்தரம்மா தலை குனியவில்லை. நோனாதான் பார்வையை எடுத்துக்கொண்டு, பூவைக் கால்மாட்டில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். மகள் என்பதால் அவள்தான் முதலில். சுளகிலிருந்து ஒரு பிடி அள்ளிக் குனிந்தாள். பொதுவாக உதட்டில் பட்டுக் கன்னத்தில் உருண்டுவிடும் அரிசி, கொஞ்சமும் சிந்தாமல் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது.