கை போடாத சீட்டு

சின்னத்தாயி இருபத்திரண்டு வருஷமாக பெங்களூர் கார்ப்பரேஷனில் தெருக் கூட்டுகிறவள். ஸ்ரீராம்புரத்தில் அவள் குடியிருந்த சந்தில் முக்கால்வாசிப் பேருக்கு அதே வேலைதான். சந்து முனை அம்மன் கோயிலில் ஆடி கடைசி ஞாயிறு அன்னதானம் நடக்கும். முதல் பந்தி கமிட்டிக் குடும்பங்களுக்கு, இரண்டாவது மற்றத் தெருக்காரர்களுக்கு. இரண்டு பந்தியின் எச்சில் இலையையும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் சின்னத்தாயியின் சந்து மூன்றாவதாக உட்காரும். எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூற்றெட்டில் அதை எழுதியே ஒட்டிவிடலாம் என்று கமிட்டித் தலைவர் வெங்கடசாமி முடிவு பண்ணினார். போன வருஷம் பந்தியில் ஏதோ தகராறு. நல்ல கையெழுத்து என்று சின்னத்தாயியின் மகள் இளவேனிலைக் கூப்பிட்டனுப்பினார். அவள் காலேஜில் எம்.ஏ. தத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். ஆம்பிளைகள் கூட்டத்துக்குப் பெண்ணைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் சின்னத்தாயியும் கூடப் போய் மண்டபத்துக்கு வெளியே நின்றாள்.

முதல் இரண்டு வரி எழுதிய இளவேனில் பேனாவை மூடினாள்.

"ஐயா, ஒரு சின்ன மாத்தம். யார் எந்தப் பந்தி, யார் இலை எடுக்கிறதுன்னு சீட்டுப் போட்டு எடுப்போம். ஆனா விதியை முன்னாடியே எழுதிடணும். நமக்கு எந்த இடம் வரும்னு தெரியாம எழுதினாத்தான் அது நியாயமான விதின்னு ஒரு அமெரிக்கக்காரர் சொல்லியிருக்கார்."

மண்டபமே சிரித்தது.

"அமெரிக்காக்காரனுக்கு நம்ம ஆத்தாளைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார் வெங்கடசாமி.

"அவருக்குத் தெரியாதுங்க. ஆத்தாளுக்கு எல்லாரும் ஒண்ணுன்னு வருஷா வருஷம் மைக்ல சொல்றது நீங்கதானே?"

நாளைக்கே இது வெங்கடசாமி வழியாகக் கார்ப்பரேஷன் மேஸ்திரி காதுக்குப் போய், தன்னை வேறு வார்டுக்குத் தூக்கியடித்தால்? வந்துவிடு என்று சின்னத்தாயி மகளுக்கு ஜாடை காட்டினாள். இளவேனில் அந்தப் பக்கமே பார்க்காமல் தாளைக் கிழித்துச் சீட்டுகள் எழுதி, பிரசாதத் தூக்குச்சட்டியில் போட்டுக் குலுக்கி, கமிட்டிக்கு முன்னால் வைத்தாள்.

"எடுங்க. ஒரு வருஷத்துக்குத்தானே."

யாரும் எடுக்கவில்லை. ஒருத்தர் வாட்சைப் பார்த்தார். வெங்கடசாமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சின்னத்தாயி அந்தக் கைகளையே பார்த்தாள். இத்தனை வருஷமும் இவர்களுக்குத் தங்கள்மேல் அருவருப்பு என்றுதான் நினைத்திருந்தாள். இது அருவருப்பில்லை, பயம். அவள் ஒவ்வொரு வருஷமும் உட்கார்ந்து எழுந்த இடத்தில் ஒரே ஒரு நாள் உட்கார இவர்களுக்கு அவ்வளவு பயம். அப்படியானால் அது எப்படிப்பட்ட இடம் என்று இவர்களுக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விறுவிறுவென்று உள்ளே போய்த் தூக்குச்சட்டியில் கைவிட்டு, தங்கள் சந்துக்கென்று ஒரு சீட்டை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"முதல் பந்தி," என்று படித்தாள் இளவேனில்.

"சின்னத்தாயி, விளையாடாதே," என்றார் வெங்கடசாமி.

"விளையாட்டு இல்லண்ணே." இருபத்திரண்டு வருஷமாக 'சாமி' என்று கூப்பிட்ட வாயில் அந்த 'அண்ணே' தடங்கலில்லாமல் வந்தது. "இலையே வந்தாலும் எடுத்திருப்பேன். பந்தி வந்திருக்கு, உட்காருவேன். நீங்க கை போடலைன்னா அது உங்க பாடு."

ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தியில் அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் இளவேனில். பின்னாலேயே சந்துப் பெண்கள் ஆறு பேர். எதிர் வரிசையில் இருந்த வனஜா, கமிட்டிப் பொருளாளர் பெண்டாட்டி, இலையை மடக்காமலே எழுந்து போனாள். அவளோடு இன்னும் பத்துப் பேர். பரிமாறுகிறவன் சோற்று வாளியோடு சின்னத்தாயியின் இலையைத் தாண்டிப் போகப் பார்த்தான்.

"போடுப்பா," என்றாள் அவள், அண்ணாந்து அவன் கண்ணைப் பார்த்து. "ஆத்தா சோறுதானே? உங்க வீட்டுதா?"

அவன் வெங்கடசாமியைத் திரும்பிப் பார்த்தான். அவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு விழுந்தது.

சின்னத்தாயி நிதானமாகச் சாப்பிட்டாள். ரசத்துக்கு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். எழுந்து தன் இலையைத் தானே எடுத்துப் போட்டாள். சந்துக்காரர்களும் அவரவர் இலையை எடுத்தார்கள். மற்ற இலைகள் கிடந்தன. மூன்று மணி வரைக்கும் ஈ மொய்த்துக்கொண்டு அப்படியே கிடந்தன. கடைசியில் வெங்கடசாமியும் பொருளாளரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்கள். பெண்கள் கோயில் சுவரில் சாய்ந்து வெற்றிலை போட்டபடி பார்த்திருந்தார்கள். கை கொடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

பதினைந்து நாளில் சின்னத்தாயியை யஷ்வந்த்புரம் வார்டுக்கு மாற்றினார்கள். விடியுமுன் இரண்டு மைல் நடை. வெங்கடசாமி அவளோடு அப்புறம் பேசவே இல்லை. ஆனால் அடுத்த ஆடியில் யார் முந்தி வருகிறார்களோ அவர்கள் உட்கார்ந்தார்கள், சாப்பிட்டவர்கள் அவரவர் இலையை எடுத்தார்கள். அதை யாரும் எழுதி ஒட்டவில்லை. சின்னத்தாயி அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.