ஹார்லன் மூடிய பள்ளம்

என் தம்பி ஹார்லனிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் வேலிக் கம்பத்திடம் சொல்வதும் ஒன்றுதான். கம்பமாவது நட்ட இடத்தில் சும்மா நிற்கும். இவன் தலையை ஆட்டுவான், "சரி ஆர்டித், சரி ஆர்டித்" என்பான், பிறகு தனக்குத் தோன்றியதைச் செய்துவிட்டு, எல்லாம் உனக்காகத்தான் என்று வந்து நிற்பான்.

வருஷா வருஷம் மே மாதம், பள்ளிக்கூடம் மூடுவதற்கு முந்திய வாரம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை எங்கள் பண்ணைக்குக் கூட்டிவருவார்கள். பாதி நாள் ஹார்லனுடையது. முதலில் யார் வந்து குடியேறினார்கள், எப்படி மாடு மேய்த்தார்கள், சூட்டுக்கோலால் ஏன் அடையாளம் போட்டார்கள் என்று அவன் சொல்வான். மீதி பாதி என்னுடையது. புல், பறவை, ஆமை, மணல். நான் ஓய்வு பெற்ற உயிரியல் டீச்சர். திமிங்கிலத்தின் எடையை ஒப்பிக்கிற பிள்ளைகளுக்குத் தங்கள் காலடியில் முளைத்திருப்பது என்னவென்று தெரியாதது எனக்கு எப்போதும் எரிச்சல். இந்த வருஷம் அவர்களுக்கு ஒரு பூவைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்கள் நெப்ராஸ்கா மணல்குன்றுகளில் நாங்கள் மாடு வளர்ப்பதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் புல்லைத்தான் வளர்க்கிறோம். புல்லுக்கு அடியில் வெறும் மணல். மாடு ஒரே தடத்தில் நடந்தோ, வண்டி ஒரே இடத்தில் திரும்பியோ புல் தேய்ந்தால் போதும், காற்று உள்ளே புகுந்து மணலை வாரி வாரி வீசி, குன்றின் விலாவில் ஒரு பெரிய பள்ளத்தைப் பறித்துவிடும். ஊரில் குடிகாரனைக்கூட சர்ச்சில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார்கள். நிலத்தில் மணல்பள்ளம் வைத்திருப்பவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். எங்கள் அப்பா காலத்து ஆட்கள் பழைய டயரையும் மக்கிய வைக்கோலையும் கொட்டி, பள்ளம் பள்ளமாக மூடிப் புல்லை வரவழைத்தார்கள். அதைப் பெரிய புண்ணியமாகவும் நினைத்தார்கள்.

அந்தப் புண்ணியத்தில் அழிந்ததுதான் நான் சொன்ன பூ. வெளிர்நீலம், மெழுகு பூசினாற்போன்ற இலை, கிட்டே போனால் ஆளைக் கிறக்குகிற வாசனை. பள்ளத்து வெறும் மணலில் மட்டும்தான் அது வளரும். புல் வந்தால் போய்விடும். எங்கள் மாவட்டத்தில் அது இல்லவே இல்லை என்றுதான் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். நான் நம்பவில்லை. பண்ணை பண்ணையாகப் போய் அனுமதி கேட்டு, முழங்கால் வலியோடு குன்று குன்றாக ஏறித் தேடினேன். கடைசியில் போன வருஷம் ஹார்லனின் மேற்கு மேய்ச்சல் நிலத்திலேயே, ஒரு சின்னப் பள்ளத்தில், மூன்று செடிகளைக் கண்டுபிடித்தேன். அதைத் தொடாதே என்று அவனுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். சரி ஆர்டித் என்றான்.

பஸ் வந்தது. கேட்லின் என்ற இளம் டீச்சர் பிள்ளைகளை வரிசையாக இறக்கினாள். ஹார்லன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். நன்றாகத்தான் பேசினான், அதை மறுக்க மாட்டேன். எங்கள் தாத்தா இந்த மணலைக் கோதுமை வயல் என்று நினைத்து உழுததையும், இரண்டாம் வருஷமே வயல் எழுந்து பறந்து போனதையும், பாட்டி சாப்பாட்டுத் தட்டுகளைக் கவிழ்த்தே வைத்து, பரிமாறும்போதுதான் நிமிர்த்தினாள் என்பதையும் சொன்னான். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். பேச்சை முடித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். ஏதோ செய்து வைத்திருக்கிறான் என்று அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மேற்கு நிலத்துக்கு நடந்தோம். குன்றைச் சுற்றியதும் பார்த்தேன். பள்ளம் இல்லை. அது இருந்த இடத்தில் வைக்கோல் மெத்தை போலப் பரப்பியிருந்தது. ஓரத்தில் டயர்களை அழகாக வரிசையில் புதைத்திருந்தான். விருந்தாளி வருவதற்கு முன்னால் வீடு கூட்டி வைக்கிற மாதிரி.

அவன் பக்கம் திரும்பினேன். "என்ன பண்ணி வச்சிருக்க?"

"கோபப்படாத ஆர்டித். இத்தன பசங்க வர்றாங்க. வீட்டுக்குப் போய் ஹார்லன் நெலத்துல பள்ளம் இருக்குன்னு சொல்ல மாட்டாங்களா?"

"பூ எங்க?"

"அத விட்டுருவேனா? நீ அவ்ளோ தூரம் சொன்னியே." என் தோளைத் தட்டி, தண்ணீர் இறைக்கிற காற்றாலைக்குக் கீழே இருந்த மாட்டுத்தொட்டிப் பக்கம் கூட்டிப்போனான். அங்கே, நல்ல கறுப்பு மண் கொட்டி, சாணி உரம் போட்டு, சுற்றிலும் மாடு வாய் வைக்காதபடி கம்பி வலை அடித்து, என் மூன்று செடிகளையும் நட்டு வைத்திருந்தான். தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். மூன்றும் வெந்த கீரையாகத் தொங்கின. "பாவம், வெறும் மணல்ல கெடந்து காத்துல அடி வாங்கிட்டிருந்துச்சு. இங்க தண்ணியும் உண்டு, பசங்களுக்கும் நடக்கிற தூரம் கம்மி."

அவனை அடித்திருப்பேன். பிள்ளைகள் இருந்ததால் கைகளைப் பாக்கெட்டில் நுழைத்துக்கொண்டேன். பிரின்லி என்ற பெண், பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைதான், குனிந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் ஹார்லன், இது செத்துப்போச்சே" என்றாள். ஹார்லன் தொப்பியைக் கழற்றினான். எதையும் சாகவிடாதவன் அவன். தாயில்லாக் கன்றைச் சமையலறையில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்துக் காப்பாற்றுகிறவன். அவன் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, அதனாலேயே இன்னும் ஆத்திரமாகவும் வந்தது.

அப்புறம் பாடம் என் கைக்கு வந்தது. இந்தச் செடிக்கு நல்ல மண்தான் விஷம், மணல் அடிப்பதுதான் சுகம் என்று சொன்னேன். இதன் விதை மணலுக்குள் வருஷக்கணக்கில் தூங்கும், காற்று மணலைப் புரட்டி விதைமேல் உரசினால்தான் விழிக்கும் என்றும் சொன்னேன். பிரின்லி உடனே கேட்டாள், அப்படியானால் அந்த வைக்கோலுக்கு அடியில் இன்னும் விதை இருக்குமா என்று. இருக்கும் என்றேன். எல்லோரும் ஹார்லனைப் பார்த்தார்கள்.

"தொறக்கணும்" என்றேன்.

"பகல்லயா? ரோட்டுல இருந்து தெரியும் ஆர்டித்."

அவன் தொட்டியோரம் வாடிக் கிடந்த செடிகளைப் பார்த்தான். பிறகு போய் வைக்கோல் அள்ளுகிற கவைக்கோலை எடுத்துவந்தான்.

பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோஷமான பாடம் வாழ்க்கையில் கிடைத்திருக்காது. வைக்கோலை வாரி வாரி இழுத்தார்கள், டயர்களை உருட்டினார்கள். காற்று உடனே வேலையை ஆரம்பித்துவிட்டது. கண்ணில் மணல், காதில் மணல், சாண்ட்விச்சில் மணல். இதெல்லாம் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய தாளில் இல்லையே என்று கேட்லின் என் பின்னாலேயே புலம்பிக்கொண்டு வந்தாள்.

அந்த நேரம் பார்த்து சோரன்சனின் பிக்கப் வண்டி ரோட்டில் நின்றது. வர வேண்டாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் நிலம். மாவட்டத்திலேயே சிறந்த புல்வெளி என்று கேடயம் வாங்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறவர். மெதுவாக இறங்கி, வேலியருகே வந்து, டயர் உருட்டுகிற பிள்ளைகளையும் பறக்கிற மணலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஹார்லன், உடம்புக்கு ஏதும் முடியலையா?"

அக்கா படுத்துகிறாள் என்று ஹார்லன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சோரன்சன் சிரித்துவிட்டுப் போயிருப்பார், ஊரும் என்னைத்தான் பைத்தியக்காரி என்றிருக்கும். அது எனக்குப் பழகின பேர்தான். ஹார்லன் காது மடல் சிவக்க நின்றான்.

"பள்ளம் தொறக்கறேன்" என்றான். "மூடினது நான்தான். தப்புப் பண்ணிட்டேன். இங்க ஒரு பூ இருந்துச்சு, நீலமா, அதுக்குப் பள்ளம் வேணுமாம்."

எங்கள் ஊரில் ஒரு ஆண்பிள்ளை இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த நிமிஷம் அவன்மேல் எனக்கு வந்த பாசத்தில் அவன் செய்த அத்தனையும் மறந்துபோனது.

சோரன்சன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். பிறகு, பிள்ளைகள் காதில் விழாதபடி, "வாசனை உண்டா அதுக்கு?" என்று கேட்டார்.

பக்கத்திலிருந்த கேட்டைத் திறந்து எங்களைக் கூட்டிப்போனார். கேடயம் வாங்கிய புல்லுக்குள் நடந்தோம், இரண்டு குன்று ஏறி இறங்கினோம். மூன்றாவதில் காற்று எதிரே வீசியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உச்சிக்குப் போய்ப் பார்த்தால், ரோட்டிலிருந்தோ எந்த வீட்டிலிருந்தோ தெரியாத இடத்தில், ஒரு சர்ச்சே உள்ளே அடங்குகிற அளவுக்குப் பள்ளம். அடியிலிருந்து விளிம்புவரை வெளிர்நீலம். பிள்ளைகள் ஒரு சத்தமும் போடாமல் சரிவில் குப்புறப் படுத்து முகர ஆரம்பித்தார்கள்.

சோரன்சன் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்கோ ஆர்டித். ஒவ்வொரு வருஷமும் மூடணும்னுதான் நெனப்பேன். வைக்கோலக் கொண்டு வந்தா யாராவது பாத்துருவாங்கன்னு விட்டுட்டேன். இந்தக் களை வேற மண்டிக் கெடக்கு."

நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்து கேட்லின் என் முதுகைத் தடவினாள். பாதிதான் சந்தோஷம், மீதி சுத்தமான கோபம். எத்தனை வருஷம், எத்தனை வாசல். மாவட்டத்தில் நான் போய் அனுமதி கேட்காத பண்ணை இது ஒன்றுதான். சோரன்சன் நிலத்தில் பள்ளம் இருக்காது என்று எல்லோரையும் போல நானும் நம்பியிருந்தேன்.