புறவாசல் டிரம்

தங்கமாரிக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. திருச்சுழிப் பக்கம் நாலு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீருக்கு அவள் குடத்தோடு மல்லுக்கட்ட, தங்கை வடிவு போனில் அனுப்புகிற படமெல்லாம் தண்ணீர்! எங்கே பார்த்தாலும் தண்ணீர். ஒரே வயிற்றில் பிறந்து இவளுக்கு மட்டும் இப்படி ஒரு யோகமா?

வடிவு வாக்கப்பட்டது முத்துப்பேட்டைக்குத் தெற்கே, சதுப்புக்காட்டுக்குள் ஒரு மேட்டில். இப்போது வயிற்றில் ஏழு மாதம். தாயில்லாத பிள்ளை, தலைப்பிரசவத்துக்கு அக்காதான் அழைத்துப் போக வேண்டும். தங்கமாரி வேறு முடிவோடு வந்திருந்தாள். வளையலைப் போட்டுவிட்டு, 'இங்கேயே பெத்துக்கோ' என்று சொல்லித் தனியாகப் பஸ் ஏறிவிடுவது. தண்ணீரில் மிதக்கிறவளுக்கு நம்ம காய்ஞ்ச வீடு எதற்கு?

படகில் வரும்போதே பார்த்தாள். சேறு, அலையாத்தி மரம், ஓடை, மறுபடியும் சேறு. ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. அதெல்லாம் அவள் மனதில் ஏறவே இல்லை.

மறுநாள் காலை வடிவு அசந்து தூங்கினாள். புறவாசலில் நீல டிரம் நிறையத் தெளிந்த தண்ணீர். தங்கமாரி ஊரில் குடிக்கிற தண்ணீர் வீட்டுக்குள் குடத்தில் இருக்கும். வெளியே டிரம்மில் கிடப்பது புழக்கத்துக்கு. 'இவளுக்கென்ன குறைச்சல்!' என்று செம்பு செம்பாக மொண்டு ஊற்றினாள். சீயக்காய் போட்டுத் தலை அலசினாள். டிரம்மின் அடி தெரிந்தபோதுதான் நிறுத்தினாள். அப்பாடா! வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

எழுந்து வந்த வடிவு டிரம்மை எட்டிப் பார்த்தாள். முகம் செத்துப்போனது.

"என்னடி?"

"குடிக்கிற தண்ணிக்கா. சுத்திக் கெடக்கது பூராம் உப்பு. வாரத்துக்கு ஒருக்க அவுக படகுல போயி எடுத்தாருவாக. நேத்துதான் கொண்டாந்தாக."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான!" கோபப்பட்டால் தப்பித்துவிடலாம் என்று பார்த்தாள் தங்கமாரி.

வடிவு பதிலுக்குக் கோபப்படவில்லை. டிரம்மைச் சாய்த்து அடியில் கிடந்ததைச் செம்பில் பிடித்தாள். அரைச் செம்பு தேறியது.

"நல்லாக் குளிச்சியாக்கா?" என்றாள். அதில் குத்தல் துளியும் இல்லை. தங்கமாரிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"எப்பக்கா கெளம்புறோம்? ஓடையில தண்ணி ஏறுனாத்தான் படகு போகும். வலி வந்தா என்ன செய்யன்னு பயந்து சாகுறேன். நீ வருவன்னு போன வாரமே துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

கதவோரம் ஒரு பை கட்டித் தயாராக இருந்தது. தங்கமாரியின் கூந்தலிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்ல வந்த பேச்சை நினைத்தாலே அவளுக்குக் கேவலமாக இருந்தது.

"அந்தத் தண்ணியக் குடிச்சிட்டுப் பைய எடுடி," என்றாள். "இன்னிக்கே போறோம்."