பால் வந்தால் யூபோபியா

குண்டூசி குத்திய இடத்தில் வெள்ளையாய்ப் பால் வந்ததும் கிளெமென்றின் நெஞ்சுக்குள் திருநாள் மணி அடித்தது. "யூபோபியா! இது கக்டஸே இல்ல!" என்று கத்திக்கொண்டு சட்டியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். தூக்கிய வேகத்தில் கை முள்ளில் பட்டது. முள் தன் கடமையைச் செய்தது. சட்டி அந்தக் கொழும்பு வெள்ளவத்தை மொட்டைமாடித் தரையில் விழுந்து சிதறியது. செடி மட்டும் உருண்டு போய் மாளிகாவத்தையில் இருந்து வந்திருந்த நிப்லாவின் செருப்புக்குப் பக்கத்தில் மானத்தோடு நின்றது.

"என்னா கிளெமென்ற் நானா," என்றாள் நிப்லா, "ஊசியும் போட்டு ஆளையும் கீழ போட்டுட்டீங்களே!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கிளெமென்றின் மனைவி டோரின் மட்டும் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவனுக்கு முள்ளைவிட ஆழமாக இறங்கியது.

செடி பாலசுந்தரத்துடையது. மொட்டைமாடியும் அவருடையதுதான். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்துக்கு ஒரு ஞாயிறு கள்ளிப் பைத்தியங்களைக் கூட்டித் தேத்தண்ணி கொடுத்து, கொண்டுவருகிற செடிக்கெல்லாம் பெயர் சொல்லி அனுப்புவார். அவர் இதைத் தொடங்குமுன் அந்த வேலையைத் தான் குடியிருக்கும் கொட்டாஞ்சேனையில் கிளெமென்ற்தான் பார்த்தான். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கந்தோர் ஒன்றில் கிளார்க். பகலில் பெட்டிகளுக்குப் பத்திரம் எழுதுவான். பின்னேரத்தில் ஒழுங்கையில் அக்கம்பக்கத்தாருக்குச் செடிகளின் பெயர் சொல்லுவான். இரண்டையும் ஒரே உறுதியோடு செய்வான்.

போன மாதம் ஒருநாள் நேரம் பார்ப்பதற்காக டோரினின் போனை எடுத்தான். கையில் மணிக்கூடு கட்டியிருந்தான் என்பது வேறு கதை. பாலசுந்தரத்துக்கு அவள் வரிசையாகப் படங்கள் அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றின் கீழும், 'சேர், இது என்ன செடி?' அவள் தன் முகத்தை அனுப்பியிருந்தால்கூட ஒருநாள் சண்டையோடு முடிந்திருக்கும். அனுப்பியதோ அவனுடைய பல்கனியில், அவனுடைய சட்டியில் நின்ற அவனுடைய கக்டஸை! அதற்கு மேல் படிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

பாலசுந்தரம் ஒரு பெயரையாவது பிழையாகச் சொல்லியிருக்க வேண்டும், அதை டோரினுக்கு முன்னால் காட்ட வேண்டும். அதற்காகவே இன்று சட்டைக் கொலரில் குண்டூசி குத்திக்கொண்டு வந்தான். குத்தினால் பால் வருவது யூபோபியா, வராதது கக்டஸ். ஞானோபதேசம் போல அவன் நம்பியிருந்த விதி அது.

பாலசுந்தரம் குனிந்து செடியை ஒரு பழைய துணியால் பிடித்து எடுத்தார்.

"இது மமிலாரியா, கிளெமென்ற். மமிலாரியாவிலயும் சிலதுக்குப் பால் வரும். முள்ளு எங்க இருந்து வருதெண்டு பாருங்கோ. அடியில சின்னப் பஞ்சு மெத்தை மாதிரி இருக்குதெல்லே? யூபோபியாவுக்கு அது இல்ல. உங்கட கை எப்பிடி? ரத்தம் வருது போல."

"இல்ல சேர், பால்தான்," என்றான் கிளெமென்ற்.

அந்த மனுசன் ஒரு வசை சொல்லியிருந்தாலும் ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே போய்ப் பஞ்சும் டெட்டோலும் கொண்டுவந்தார். நல்லவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது கொடுமையான வேலை, ஓய்வே கிடையாது.

திரும்பி வரும்போது திறீவீல் ஓட்டோவுக்குள் காற்று அடித்தது. ஆனாலும் அவனுக்கு வேர்த்தது.

"டோரின், நீர் ஏன் அவருக்குப் படம் அனுப்பினனீர்?"

"கை நோகுதா?" என்றாள் அவள்.

"அவர் வடிவா விளங்கப்படுத்துறார் என்ன?"

"கையைச் சும்மா வச்சிருங்க. முள்ளு உள்ளுக்கு இறங்கிரும்."

"ஆள் பார்க்கவும் டீசன்ட்."

"எழுவது வயசாகுது அவருக்கு," என்றாள் டோரின். பிறகு கொட்டாஞ்சேனை வரும்வரை அவனுடைய கையைத் தன் மடியில் பிடித்து வைத்திருந்தாள்.

வீட்டில் அவனைப் பல்கனி வெளிச்சத்துக்கு இழுத்து இருத்திப் புருவம் பிடுங்கும் இடுக்கியால் முட்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். சுற்றிலும் அவனுடைய சட்டிகள். ஒவ்வொன்றிலும் அவனே எழுதிக் குத்திய பெயர்ச் சீட்டு.

"டோரின், எனக்குத் தெரிய வேணும். கோவிக்க மாட்டன். சொல்லும்."

"கோவிப்பீங்க."

"சரி, கோவிப்பன். எண்டாலும் சொல்லும்."

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"போன வருஷம் கோயில் பெருநாளுக்கு நான் ஒரு குட்டிச் செடி வாங்கினன். பார்த்த உடன ஒரு பேர் சொன்னீங்க. கிழமைக்கு ரெண்டு தரம் தண்ணி ஊத்தெண்டீங்க. நான் ஊத்தினன். அழுகிச் செத்துப் போச்சு. மழை கூடிப்போச்செண்டீங்க. மழையே இல்ல அப்ப. அது என்னெண்டு உங்களுக்குத் தெரியாது. தெரியாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் வேற ஆக்களிட்டக் கேட்டிருப்பன்."

கிளெமென்ற் பக்கத்துச் சட்டியில் தான் எழுதிக் குத்திய பெயரைப் பார்த்தான்.

"அவருக்கு முதல் படம் அனுப்பினன். 'தெரியாது பிள்ளை, பார்த்துச் சொல்லுறன்' எண்டு எழுதினார். அதுக்குப் பிறகுதான் மிச்சத்தையும் அனுப்பினனான். அவர் கெட்டிக்காரன் எண்டதுக்கு இல்ல. விடிய எழும்பின உடன நீங்க முதல்ல இதுகளிட்டத்தானே வாறீங்க? இதுகளும் செத்துப் போனா நீங்க என்ன செய்வீங்க எண்ட பயத்தில கேட்டனான்."